நினைவு நாணயத்தின் விலை எதை வைத்து ஏறுகிறது?

ஒருவரின் நூற்றாண்டுக்கோ ஒரு நிகழ்வுக்கோ அரசு தனி வடிவத்தில் அடித்து வெளியிடுவதுதான் நினைவு நாணயம். காசில் போட்டிருக்கும் தொகை ஒன்று, சேகரிப்பவர் கொடுக்கும் விலை வேறு. எத்தனை அடித்தார்கள், எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. 2009-இன் அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய் பஸ்ஸில் சில்லறையாகவே கை மாறியது. தேய்ந்ததற்குப் பெரிய விலை இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் 1000 ரூபாய் நாணயம் புழக்கத்துக்கே வரவில்லை, அதோடு வெள்ளி வேறு.

வேலூர்க்காரர்களுக்கு இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைச் சொன்னால் புரியும். விளையும் இடம் கொஞ்சம், பேர் சொல்லிக் கேட்பவர்கள் நிறைய. ஆனால் அதுவும் அடிபட்டுவிட்டால் கூறு கட்டித்தான் விற்க வேண்டும். காசும் அப்படித்தான். என் மாமா ஒருவர் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஒரு காசைக் கொண்டுவந்தார். லென்ஸில் பார்த்தால் முகமெல்லாம் கோடு! அழுக்கோடு இருந்திருந்தால் கூடுதலாகப் போயிருக்கும்.

அப்புறம், வைஷ்ணவ தேவி உருவம் போட்ட 5 ரூபாய் காசுக்கு லட்சங்கள் கிடைக்கும் என்று வரும் செய்தியை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்; பழைய காசு விற்பனைக்குத் தன் பெயரில் கமிஷன் வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021-லேயே சொல்லிவிட்டது.