வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்களின் கேள்விகளுக்கு ஒரு சேலத்து நர்ஸின் பதில்கள்

சவுதியிலும் பிறகு ஜெர்மனியிலும் மருத்துவமனை வார்டில் வேலை பார்த்துவிட்டு சேலத்துக்கே திரும்பியவள் நான். அந்த ஊர்களின் பழக்கவழக்கம், வேலையிடம், வீடு பற்றிக் கேளுங்கள். விசா சட்டமும் வரியும் எனக்குரிய விஷயம் இல்லை.

ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி: அக்கா, மலைக் குளிரில் வளர்ந்தவன் நான். ஜெர்மனிக் குளிரைத் தாங்கிவிடுவேனா?

குளிரைத் தாங்கிவிடுவீர்கள் தம்பி. அங்கே வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், ஏற்காட்டு வீடுகளைவிட உள்ளே கதகதப்பாகவே இருக்கும். ஆளைச் சாய்ப்பது இருட்டுதான். டிசம்பரில் மாலை 4 மணி வாக்கிலேயே பொழுது இறங்கிவிடும். பகல் ஷிப்ட் பார்த்தால் வெளிச்சத்தையே பார்க்காமல் வீடு திரும்புவீர்கள். முதல் குளிர்காலத்தில் தூக்கம் கெடும், காரணமே இல்லாமல் அழுகை வரும், ஊருக்குப் போய்விடலாம் என்று தோன்றும். அந்த மாதங்களில் வேலையை விடுவது போன்ற பெரிய முடிவு எதுவும் எடுக்காதீர்கள். மதிய இடைவேளையில் கொஞ்ச நேரமாவது வெளியே நடங்கள். மார்ச்சிலும் மனம் தெளியவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள், அதில் வெட்கமே வேண்டாம்.

அப்புறம், குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடியே வைக்காதீர்கள். சமையல் ஆவி தங்கி சுவரில் பூஞ்சை பிடிக்கும், வீட்டுக்காரரோடு சண்டை வரும். தினமும் சில நிமிடம் ஜன்னலை முழுக்கத் திறந்துவிடுங்கள்.

ஆத்தூரிலிருந்து ஓர் அம்மா: மகன் ரியாத் போகிறான், மகள் ஜெர்மனி போகிறாள். வீட்டில் அரைத்த மசாலா, நெய், மாம்பழம் கொடுத்துவிடலாமா?

அம்மா, மகனுக்கு அரைத்த மசாலாவில் கசகசா சேர்த்திருந்தால் அதை அனுப்பவே அனுப்பாதீர்கள். சவுதி, அமீரகம், சிங்கப்பூர் மூன்றிலும் கசகசாவுக்குத் தடை உண்டு. போதைப்பொருள் கணக்கில் பார்ப்பார்கள். கறிக்குழம்புக்கு என்று அரைத்தேன் என்ற விளக்கம் விமான நிலையத்தில் எடுபடாது. மகளுக்கு நெய் வேண்டாம். பயணிகள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. மாம்பழத்துக்கும் பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். தட்டுவடை கொடுத்துவிடுங்கள், அது போதும்.

ஓமலூரிலிருந்து ஒரு தம்பி: ஏஜென்ட் நாலு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அவர் பெயர் மத்திய அரசின் இமைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது, அங்கேயும் விசாரியுங்கள்.

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தங்கை: பி.எஸ்சி. நர்ஸிங் படித்தவள் நான். ஜெர்மனியில் நோயாளியைக் குளிப்பாட்ட, சாப்பாடு ஊட்டச் சொல்வார்களாமே அக்கா?

ஆமாம். இங்கே நோயாளியோடு ஒரு சொந்தக்காரர் இருந்து வாய் கொப்பளிக்க வைப்பது முதல் எல்லாம் செய்வார். அங்கே அப்படித் துணைக்கு யாரும் தங்குவதில்லை. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் நர்ஸ் வேலையின் முக்கியப் பகுதி. படித்த படிப்புக்கு இது இழுக்கு என்று நினைத்துக்கொண்டு போனால் தினமும் மனம் புண்படும். குளிப்பாட்டும்போதுதான் முதுகில் படுக்கைப் புண் தொடங்குவதும், கால் வீங்கியிருப்பதும், நேற்றுவரை தூக்கிய கையை இன்று தூக்க முடியாததும் கண்ணில் படும். உங்கள் படிப்பு அங்கேதான் பயன்படுகிறது. உங்கள் பட்டத்துக்கு அங்கீகாரம் வரும்வரை உதவியாளர் நிலையில்தான் வேலை என்பதையும் தெரிந்துகொண்டே கிளம்புங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். புரியாதபோது தலையாட்டாதீர்கள். நாம் பக்கவாட்டில் ஆட்டும் தலை அவர்களுக்கு 'இல்லை' என்று தெரியும். மேலும் கீழும் ஆட்டினால் முழுக்கப் புரிந்தது என்று நம்பிப் போய்விடுவார்கள். ஜெர்மனில் 25ஐ 'ஐந்தும் இருபதும்' என்ற வரிசையில் சொல்வார்கள். அவசரத்தில் 52 என்று காதில் விழும். எழுத்திலும் கவனம் வேண்டும். நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் காற்புள்ளி வைப்பார்கள், இரண்டரை மில்லிகிராம் 2,5 என்றுதான் இருக்கும். மருந்தின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும்.

கொண்டலாம்பட்டியிலிருந்து ஓர் அண்ணன்: குல்ஃபில் பல வருஷம் இருந்தவன் நான். புரியவில்லை என்று சொன்னவனைத்தான் முதலில் ஊருக்கு அனுப்பினார்கள். பிள்ளைகளுக்குத் தப்பான யோசனை சொல்கிறீர்கள்.

அண்ணா, நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவில்லை. சவுதியில் நானும் பார்த்திருக்கிறேன். பத்துப் பேர் முன்னால் மேலாளரைக் கேள்வி கேட்டால் அவருக்கு அவமானமாகிவிடும், அதை மறக்க மாட்டார். அங்கே தனியாகப் போய், நலம் விசாரித்து, 'நான் இப்படிச் செய்யப் போகிறேன், சரிதானே?' என்று கேட்க வேண்டும். கேட்கும் விதம் ஊருக்கு ஊர் மாறும். கேட்காமல் இருப்பதற்கு எந்த ஊரிலும் இடமில்லை. வேலை போனால் வேறு வேலை தேடலாம். இன்சுலின் அளவு தப்பினால் உயிர் போய்விடும்.

அதே அண்ணன்: கட்டட வேலைக்குப் போகிறவனுக்கு மொழியே தெரியாதே, அவன் எப்படிக் கேட்பான்?

நியாயமான கேள்வி. கையால் செய்து காட்டிக் கேட்கட்டும். கிளம்பும் முன்பே 'நிறுத்து', 'ஆபத்து', 'திரும்பச் சொல்லுங்கள்', இந்த மூன்றையாவது அரபியில் கற்றுக்கொள்ளட்டும். சாரத்தின் மேல் நிற்கிறவனுக்கு இது வார்டில் இருப்பவளைவிட அவசரம். உங்களைப் போன்றவர்கள் ஊரில் ஒரு மாலை உட்கார்ந்து இதைச் சொல்லிக் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும் அண்ணா, இதை மனதாரக் கேட்கிறேன்.

சூரமங்கலத்திலிருந்து: ஏஜென்ட் இரண்டரை லட்சம் கேட்கிறார்...

மேலே ஓமலூர் தம்பிக்குச் சொன்னதேதான்.

மேட்டூரிலிருந்து: ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை துளை போடக்கூட விடமாட்டார்களாமே?

விடமாட்டார்கள். ஞாயிறு முழுக்க அமைதி நாள், மற்ற நாட்களில் இரவு 10 மணிக்குமேல் சத்தம் கூடாது. பெரும்பாலான கடைகளும் ஞாயிறு மூடியிருக்கும், அரிசி பருப்பை சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

எடப்பாடியிலிருந்து: அங்கே வரி எவ்வளவு பிடிப்பார்கள்?

ஆடிட்டரைக் கேளுங்கள்.

சங்ககிரியிலிருந்து: துபாய் போகும் தம்பியிடம் வீட்டு மசாலா...

கசகசா இருந்தால் கூடாது. கடையில் வாங்கிய பொட்டலமானாலும் பின்பக்கம் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

வாழப்பாடியிலிருந்து: ஏஜென்ட் மூன்று லட்சம்...

30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். அதற்குமேல் கேட்கிறவரிடம் பாஸ்போர்ட்டையும் கொடுக்காதீர்கள், ஏற்கெனவே கொடுத்திருந்தால் நாளைக்கே போய்த் திருப்பி வாங்குங்கள்.