முயல் புல்லைத் தொடவில்லையா? முதலில் கிண்ணத்தைப் பாருங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்றையே சுற்றி வந்தன: காய்ந்த புல்லை முயல் தின்ன மறுக்கிறது. நான் கால்நடை மருத்துவர் இல்லை. சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டில் பல ஆண்டுகளாக முயல் வளர்ப்பவள். கைவிடப்பட்ட முயல்களுக்கு வேறு வீடு கிடைக்கும்வரை வைத்துப் பார்த்துக்கொள்பவள். மருத்துவர் பார்க்க வேண்டியது என்று தோன்றினால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவேன்.

செங்காங்: அக்கா, என் ஹாலந்து லாப் இன முயல் பையனுக்கு இரண்டு வயது. காய்ந்த திமோத்தி புல்லை மோந்து பார்த்துவிட்டு அதன் மேலேயே ஏறிப் படுத்துக்கொள்கிறான். பெல்லட், அதாவது குருணைத் தீனி, இருக்கும் கிண்ணத்தை மட்டும் துடைத்து வைத்துவிடுகிறான். காலியாக இருந்தால் பாவமாக இருக்கிறதே என்று நான் மறுபடி நிரப்புகிறேன். வேறு பிராண்டு புல் வாங்கிப் பார்க்கலாமா?

பிராண்டை விடுங்கள், கிண்ணத்தில் கை வையுங்கள். வயிறு நிறைந்தவன் புல்லை மெத்தையாகத்தான் பார்ப்பான். வளர்ந்த முயலுக்கு எடையில் கிலோவுக்கு 20 முதல் 25 கிராம் பெல்லட் ஒரு நாளைக்குத் தாராளம். உங்கள் பையன் 1.6 கிலோ என்றால் 40 கிராம்தான் உச்சம். கண்ணளவில் போடாமல் சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். இவ்வளவுதானா என்று திடுக்கிடுவீர்கள்.

அதற்காக நாளைக் காலையே 40 கிராமுக்கு இறக்கிவிடாதீர்கள். இப்போது எவ்வளவு தின்கிறான் என்று அளந்துகொண்டு, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் குறையுங்கள். ‘பசித்தால் தானே தின்னும்’ என்று பிடிவாதக்காரப் பிள்ளைகளிடம் காட்டும் கண்டிப்பு முயலிடம் ஆகாது. பட்டினி கிடந்தால் அதன் குடல் அசைவு மந்தமாகி நின்றே போகலாம். கல்லீரலில் கொழுப்பு படியும். குண்டு முயல் என்றால் ஆபத்து இன்னும் அதிகம்.

இந்த நாட்களில் உங்களுக்கு வழிகாட்டி புழுக்கைதான். புல் உள்ளே போகப் போகப் புழுக்கை பெரிதாகும், நிறம் வெளுக்கும், இரண்டு விரலால் நசுக்கினால் மரத்தூள் போல உதிர்ந்து நார் தெரியும். அதுவே சிறுத்து, கறுத்து, எண்ணிக்கையும் குறைந்தால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்று பொருள். குறைத்ததில் கொஞ்சத்தைத் திரும்பக் கொடுங்கள். வாரம் ஒருமுறை எடையும் பாருங்கள்.

விடியலிலும் அந்தி நேரத்திலும்தான் முயலுக்கு மேயும் வேகம் வரும். எழுந்ததும் முதல் வேலையாகப் புதிய புல் வையுங்கள். பெல்லட்டைக் கிண்ணத்தில் கொட்டாமல் புல்லுக்குள் தூவிவிட்டால், அதைத் தேடும் சாக்கில் நாலு தாள் வாய்க்குள் போகும்.

உட்லண்ட்ஸ்: ஐந்து மாதக் குட்டி. கடைக்காரர் கொடுத்த அல்ஃபால்ஃபாவை விரும்பித் தின்கிறது. திமோத்தி வைத்தால் கூண்டுக்கு வெளியே இழுத்துப் போடுகிறது. அல்ஃபால்ஃபாவையே தொடரலாமா அக்கா?

குட்டிப் பருவத்துக்கு அது சரியான தீனிதான். அல்ஃபால்ஃபா, நம் ஊர்க் குதிரைமசால், புல் வகையே அல்ல, பயறு குடும்பம். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதில் அதிகம். வளர்ந்த முயலுக்கு அந்தச் சுண்ணாம்பு மிஞ்சிப்போய்ச் சிறுநீரில்தான் வெளியேறும். சிறுநீர் சுண்ணாம்புக் குழம்பாகக் கெட்டிப்படும், சிலவற்றுக்குக் கல்லாகவும் கட்டும். ஆறேழு மாதத்துக்குள் முழுவதும் மாற்றிவிட வேண்டும், அதனால் இப்போதே தொடங்குங்கள்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பொறுக்கித் தின்னும். இரண்டையும் கையால் கசக்கி, பிரிக்க முடியாதபடி பிணைத்து வையுங்கள். முதல் வாரம் முக்கால் பங்கு பழையது, பிறகு பாதி, பிறகு கால். பொட்டலத்தின் அடியில் தங்கும் அல்ஃபால்ஃபா இலைத்தூளை எறிந்துவிடாதீர்கள். திமோத்தியின் மேல் தூவினால் அந்த வாசனைக்கே வாய் வைக்கும். திமோத்தியில் முதல் அறுப்பு முரடாக, தண்டும் கதிருமாக இருக்கும். மூன்றாம் அறுப்பு மெத்தென்று இலையாக இருக்கும். இப்படிப்பட்ட குட்டிக்கு மூன்றாம் அறுப்பில் தொடங்கி, பழகிய பின் இரண்டாம் அறுப்புக்குப் போகலாம்.

பிடோக்: மகள் வாங்கிவரும் புல் பொட்டலத்தின் விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் மாட்டுக்கு வைக்கோல் போட்டு வளர்த்தவள் நான். முயலுக்கும் அதையே போட்டால் என்னம்மா குறைந்துவிடும்?

சத்துதான் அம்மா குறைந்துவிடும். கதிர் முற்றி நெல்லை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் தாள் வைக்கோல். அதிலிருந்த நல்லது எல்லாம் நெல்லுக்குப் போய்விட்டது. மாட்டுக்கு அதோடு தவிடும் புண்ணாக்கும் பசும்புல்லும் போட்டீர்கள் அல்லவா? முயலின் பொட்டலத்தில் இருப்பது பசுமை போகுமுன் அறுத்துக் காயவைத்த புல். வைக்கோலைப் படுக்கையாகப் போடுங்கள், கடித்தாலும் கெடுதல் இல்லை, ஆனால் அதுவே சாப்பாடு ஆகாது. திமோத்தி குளிர்நாட்டுப் புல். பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வருகிறது, அந்தக் கூலியைத்தான் உங்கள் மகள் கொடுக்கிறார். முயல் வளர்க்கும் இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து பெரிய பெட்டியாக வாங்கிப் பங்கிட்டால் செலவு குறையும்.

தெம்பனிஸ்: நான்கு வயதுப் பெண் முயல். போன மாதம் வரை ஒழுங்காகப் புல் தின்றாள். இப்போது ஆசையாக ஓடி வருகிறாள், ஒரு தாளை எடுக்கிறாள், கீழே போட்டுவிடுகிறாள். பெல்லட்டும் கீரையும் தின்கிறாள். சலித்துவிட்டதோ?

சலிப்பு இல்லை. ஓடி வருகிறாள் என்றால் பசி இருக்கிறது. போட்டுவிடுகிறாள் என்றால் வாய் வலிக்கிறது. முயலுக்கு 28 பற்கள், அத்தனையும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பல் மட்டும் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளரும். புல்லை மெல்லும்போது தாடை பக்கவாட்டில் அரைக்கிறது. அந்த அரைப்பில்தான் கடைவாய்ப் பற்கள் தேய்கின்றன. தேயாவிட்டால் ஓரத்தில் முள் போல நீட்டிக்கொண்டு நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும்.

இன்று மாலை அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து கவனியுங்கள். தாளை உள்ளே இழுத்தபடியே பாதியில் நிற்கிறாளா, தலையை ஒரு பக்கம் சாய்த்து மெல்கிறாளா, தாடைக்கு அடியில் முடி ஈரமாக ஒட்டியிருக்கிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். இல்லாவிட்டாலும் போகத்தான் வேண்டும், சில நாள் தள்ளலாம், அவ்வளவுதான். வீட்டில் வாயைத் திறந்து பார்த்தால் முன்பல் மட்டுமே தெரியும். கடைவாயைப் பார்க்கக் கருவி வேண்டும். எல்லா மருந்தகங்களிலும் முயல் பார்ப்பதில்லை, நாய் பூனைக்கு மட்டும் என்று சொல்லும் இடங்கள் உண்டு. போன் செய்து கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

புக்கிட் பாத்தோக்: நேற்று இரவிலிருந்து எதுவுமே தின்னவில்லை, புல், பெல்லட், வாழைப்பழம்கூட. புழுக்கையும் இல்லை. மூலையில் குன்றி உட்கார்ந்திருக்கிறது. என்ன புல் கொடுத்தால் தின்னும்?

எந்தப் புல்லும் வேண்டாம், உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முயலுக்கு வாந்தி எடுக்க வராது. குடல் நின்றுவிட்டால் உள்ளே வாயு கட்டி வலி ஏறிக்கொண்டே போகும். 10, 12 மணி நேரம் தின்னாமல் இருந்தாலே அவசரம்தான், உங்களுக்கு அதுவும் தாண்டிவிட்டது. குடலில் அடைப்பு இருக்கலாம், அதனால் நீங்களாக வாயில் எதையும் ஊட்டாதீர்கள். காது சில்லென்று இருந்தால் துணியில் சுற்றிச் சூடாக வைத்துக் கொண்டுபோங்கள். இரவும் திறந்திருக்கும் மருந்தகங்கள் சிங்கப்பூரில் இருக்கின்றன.

ஜூரோங் வெஸ்ட்: புதுப் பொட்டலம் பிரித்த அன்று திருவிழா. பத்து நாள் கழித்து அதே புல்லை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. துணி காயப்போடும் இடத்துக்குப் பக்கத்தில் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். இங்கே அதிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். நீங்கள் ஈரத்துணிக்குப் பக்கத்திலேயே வேறு வைத்திருக்கிறீர்கள். புல் ஈரத்தை இழுத்துக்கொண்டு வாசனை போய்விடும், அடுத்தது பூஞ்சைதான். ஒரு பிடி எடுத்து மூக்கருகே வையுங்கள். இனிப்பான புல்வாடை வர வேண்டும். பழைய புத்தக நெடி அடித்தாலோ, உதறினால் சாம்பல் தூசி பறந்தாலோ, மொத்தமாகக் குப்பையில் போடுங்கள். வெயிலில் காட்டிச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள்.

இனிமேல் இரண்டு வாரத்துக்கு ஆகும் அளவைப் படுக்கையறையில் அட்டைப்பெட்டியிலோ பழைய தலையணை உறையிலோ வைத்துக்கொள்ளுங்கள். மீதியை, நன்றாகக் காய்ந்திருக்கும்போதே, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடிவிடுங்கள். அந்தப் பொட்டலம் முயலின் வாய்க்கு எட்டக்கூடாது.

தோ பாயோ: தேக்கா சந்தையில் பிள்ளையாருக்கு வாங்கும் அறுகம்புல்லை முயலுக்குக் கொடுக்கலாமா? புளோக்குக்குக் கீழே வளரும் புல் எப்படி?

அறுகம்புல் அருமையான புல், முயல் விழுந்து விழுந்து தின்னும். ஆனால் மாலையாகக் கட்டியதை வாங்காதீர்கள். வாடாமல் இருக்க எதைத் தெளித்தார்களோ. கட்டாக விற்பதை வாங்கி, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, முதல் நாள் ஒரு சிறு பிடி மட்டும் கொடுங்கள். காய்ந்த புல்லையே அறியாத முயலுக்கு இது நல்ல பாலம்: பச்சையாகத் தின்னப் பழகியதும், அதை நிழலில் காயவைத்துத் திமோத்தியோடு கலந்துவிடலாம். கொத்தமல்லித் தண்டையும் புதினாவையும் காய்ந்த புல்லின் மேல் கசக்கித் தேய்ப்பதும் பலிக்கும்.

கீழே வளரும் புல் வேண்டவே வேண்டாம். கொசுப்புகை அடிக்கிறார்கள், நாய்கள் நனைக்கின்றன. பூங்காவில் பிடுங்கினால் சட்டப்படி குற்றமும்கூட. அதோடு, 2020 செப்டம்பரில் முயல்களைக் கொல்லும் ரத்தக்கசிவு நச்சுயிரி முதன்முறையாகச் சிங்கப்பூரிலும் கண்டறியப்பட்டது. பூச்சி, செருப்பு, அசுத்தமான புல் எதன் வழியாகவும் அது வீட்டுக்குள் வரலாம். தடுப்பூசி போட்டாயிற்றா?

ஈசூன்: புல்லை எடுத்தாலே என் கணவருக்குத் தும்மல். முயலா கணவரா என்ற நிலை.

இருவரையும் வைத்துக்கொள்ளலாம். திமோத்தி ஒத்துக்கொள்ளாத சிலருக்கு ஆர்ச்சர்ட் என்ற இன்னொரு வகைப் புல் ஒத்துக்கொள்கிறது. முயலுக்கு இரண்டும் ஒன்றுதான். பொட்டலத்தை வீட்டுக்குள் உதறாதீர்கள். புல் போடும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கோல்: நான் தொடக்கநிலை நான்கு படிக்கிறேன். முயலுக்குக் கேரட்தானே பிடிக்கும்? தினமும் ஒன்று கொடுக்கிறேன்.

பிடிக்கும் கண்ணா, உனக்கு மிட்டாய் பிடிப்பது போல. கேரட்டில் இனிப்பு அதிகம். உன் கட்டைவிரல் நகம் அளவு ஒரு துண்டு, அதுவும் அது புல் தின்ற பிறகு கொடு. தினமும் வேண்டாம்.

அங் மோ கியோ: சுவரில் அழகான புல் தொட்டி மாட்டியிருக்கிறோம். அதில் நிறைந்தே இருக்கிறது. மதியம் முழுக்கத் திரும்பியும் பார்ப்பதில்லை.

மதியம் பார்க்காதது இயல்பு. 32 டிகிரி வெயிலில் கம்பளிக் கோட்டோடு இருப்பது அது. தரை ஓட்டில் கால் நீட்டிப் படுக்கத்தான் தோன்றும். மின்விசிறி போடுங்கள், மாலையில் பாருங்கள்.

தொட்டியைக் கழற்றுங்கள். முயல் கழிக்கும்போதே தின்னும் பிராணி. கழிப்புத் தட்டின் ஒரு முனையில், அது உட்கார்ந்தபடியே தலையைத் திருப்பினால் எட்டும் இடத்தில் புல் குவியலாக இருக்க வேண்டும். தலையைத் தூக்கிக் கம்பிக்கு இடையில் ஒவ்வொரு தாளாக உருவ வேண்டும் என்றால் சீக்கிரம் அலுத்துப்போகும்.

சுவா சூ காங்: கதிரை மட்டும் கொய்து தின்றுவிட்டுத் தண்டையெல்லாம் விட்டுவிடுகிறது அக்கா. பாதிப் புல் வீண். மிஞ்சியதைத் தின்னும்வரை புதிது போடாமல் இருக்கலாமா?

அப்படிச் செய்யாதீர்கள், மொத்தத் தீனி குறைந்துவிடும். மிஞ்சிய தண்டைக் கையால் கிளறி உதறி, மேலே ஒரு பிடி புதிது போடுங்கள். இடம் மாறிய புல்லை முயல் புதுப்புல்லாகத்தான் நினைக்கிறது. பெரிய குவியலாக ஒரே வேளையில் வைக்காமல் காலை, மாலை, படுக்கப்போகுமுன் என்று பிரித்து வையுங்கள். அப்போதும் மிஞ்சும் தண்டைக் கழிவறைக் காகிதச் சுருளின் நடு அட்டைக்குள் திணித்துக் கொடுத்தால் உருட்டி இழுத்துக் கடிக்கும். கடைசியாக மிஞ்சுவது கழிப்புத் தட்டுக்குப் போகட்டும். வாங்கியதில் கால் பங்கு இப்படிப் போனால் கணக்கில் அதையும் சேர்த்தே வாங்குங்கள்.