மறு: உறைமண் பாக்டீரியாவில் குளிருக்கான மரபணுக்கள் எங்கே?

வணக்கம். எப்போதும் உறைந்தே கிடக்கும் உறைமண்ணில் வாழும் பாக்டீரியாவின் ஜீனோமில் (மொத்த மரபணுத் தொகுப்பில்) குளிரதிர்ச்சி மரபணுக்களை, அதாவது திடீர்க் குளிரைச் சமாளிக்க உதவும் புரதக் குடும்பத்தின் மரபணுக்களை, எண்ணிப் பார்த்தீர்கள், ஈ.கோலையைவிடக் குறைவாக இருக்கிறதே என்று குழம்பியிருக்கிறீர்கள். கவலை வேண்டாம், அந்த எண்ணிக்கையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நம் குடலில் 37 டிகிரியில் வாழும் ஈ.கோலையிலேயே அந்தக் குடும்பத்தில் 9 மரபணுக்கள் உண்டு.

புரதங்களின் அமினோ அமிலக் கலவையைப் பாருங்கள். சைபீரியாவின் 20,000 முதல் 30,000 ஆண்டு பழைய உறைமண்ணில் கிடைத்த சைக்ரோபாக்டர் ஆர்க்டிகஸ் மைனஸ் 10 டிகிரியிலும் வளர்கிறது. அதன் புரதங்களில் புரோலினும் ஆர்ஜினினும் குறைவு. புரோலினின் வளையம் புரதச் சங்கிலியை நெகிழ விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆர்ஜினின் உப்புப்பாலங்களால், அதாவது எதிரெதிர் மின்சுமைகளின் ஈர்ப்பால், அதை இறுக்கும். இரண்டும் குறைந்தால் குளிரிலும் நொதி நெகிழ்ந்து வேலை செய்யும். இந்த மாற்றம் வளர்ச்சிக்கும் பெருக்கத்துக்கும் அவசியமான மரபணுக்களில்தான் அதிகம் தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது: அந்த உயிரி அங்கே உறங்கிக் கிடக்க மட்டுமல்ல, வளரவே தகவமைந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஜிசி விகிதம் (டிஎன்ஏவில் G, C எழுத்துகளின் பங்கு) குறைந்த ஜீனோமில் புரோலினும் ஆர்ஜினினும் இயல்பாகவே குறையும். அதனால் ஈ.கோலையை விட்டுவிட்டு, ஜிசி விகிதம் ஒத்த, மிதமான வெப்பத்தில் வாழும் நெருங்கிய உறவினத்தோடு, ஒரே மூலத்திலிருந்து வந்த மரபணுக்களை இணை இணையாக ஒப்பிடுங்கள்.

அப்புறம், செல் சவ்வைக் குளிரிலும் இளக்கமாக வைக்கும் நொதிகளான கொழுப்பு அமில டீசாச்சுரேஸ்களையும், உப்பைத் தாங்க உதவும் கிளைசின் பீட்டேன் என்ற சிறு மூலக்கூறைச் செல்லுக்குள் கொண்டுவரும் கடத்திப் புரதங்களையும் தேடுங்கள். உறைமண்ணில் உறையாமல் மிஞ்சும் நீர் கடும் உப்பு, அதைத் தாங்க அந்தக் கடத்திகள் வேண்டும்.