காய்ந்த சோளத்தட்டில் சத்தே இல்லை என்கிறார்களே, பிறகு எதற்கு அதை மாட்டுக்குப் போட வேண்டும்?

புதிதாகக் கறவை மாடு வாங்கியிருக்கிறீர்கள் போல. "தட்டை நிறுத்து, பச்சையும் மாவும் போடு, பால் கொட்டும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். கேட்டுப் பட்டவன் என்பதால் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, தாராபுரம் பக்கம் நாலு மாடு வைத்திருப்பவன்.

ஒரு ஐப்பசி மழையில் கோ-4 தீவனப்புல் தளதளவென்று நின்றது. முப்பது நாளிலேயே அறுத்து, மெஷினில் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டேன். கூடவே காலையில் மூன்று கிலோ, மாலையில் மூன்று கிலோ மக்காச்சோள மாவு. தட்டை அடியோடு நிறுத்திவிட்டேன். முதல் வாரம் ஒரு லிட்டர் கூடியது. வீட்டில் பெருமை பேசினேன். அப்புறம் சாணி இளகி நுரைத்தது. மாடு படுத்தே கிடந்தது, வாய் மட்டும் அசையவில்லை. பாலில் 4.1 சதவீதம் இருந்த கொழுப்பு 3.0-க்கு வந்தது. பால் ஊற்றுமிடத்தில் பத்துப் பேர் முன்னால், "என்னங்க, மழைக்குக் கிணறு நெறஞ்சிருச்சா?" என்று அளக்கிறவர் கேட்டார்.

கால்நடை டாக்டரம்மா வந்தார். மாட்டின் இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் என் கையை முட்டி மடக்கி அழுத்தச் சொன்னார். "நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது உள்ளே புரளணுங்கண்ணா. புரளுதா?" மூன்று நிமிஷம் நின்றேன். ஒரே ஒரு தடவை, அதுவும் சோம்பலாக.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இது. நாரை உடைக்கும் நொதி மாட்டின் உடம்பில் சுரப்பதே இல்லை. நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும் முதல் வயிறு, 39 டிகிரி சூட்டில், காற்றுப் படாமல் புளிக்கும் தொட்டி. அதன் சாறு ஒரு மில்லியில் ஆயிரம் கோடி பாக்டீரியா இருக்கும். அவைதான் நாரில் ஒட்டி அரித்து அமிலங்களாக்கும், வயிற்றுச் சுவர் அதை உறிஞ்சும். அதில் அதிகம் இருப்பது அசிட்டிக் அமிலம், வினிகரில் இருப்பதேதான். பால் கொழுப்பில் கணிசமான பங்கு அதிலிருந்துதான் உருவாகும். தட்டைத் தின்றால் மாடு மணிக்கணக்கில் அசைபோடும். அசைபோட்டால் எச்சில் ஊறும், நாளுக்கு நூறு லிட்டருக்கு மேல். எச்சிலில் சோடா உப்பு இருப்பதால் அமிலம் அடங்கும். நான் எச்சிலைக் குறைத்து, சீக்கிரம் புளிக்கும் மாவைக் கூட்டினேன். நார் தின்னும் பாக்டீரியாதான் முதலில் சுருண்டது.

மாவைப் பாதியாக்கி, தட்டு போட்ட பிறகே மாவு வைக்கச் சொன்னார். இரண்டு வாரத்தில் கொழுப்பு 3.9. ஒரு சாயங்காலம் கட்டுத்தரையில் உட்கார்ந்து எண்ணினேன்: ஒரு கவளத்துக்கு 54 மெல்லல், அடுத்ததற்கு 57.

உடனே "அப்போ பச்சை கூடாதா?" என்று வராதீர்கள். வெறும் தட்டில் எந்த மாடும் கறக்காது. புரதம் இல்லாவிட்டால் அந்தப் பாக்டீரியாவும் பட்டினிதான், கடலைக்கொடியோ, வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனமோ சேருங்கள். முற்றிக் கட்டையான தட்டில் இருக்கும் லிக்னின் என்ற கட்டைப்பொருளை அவற்றாலும் உடைக்க முடியாது. எங்கள் அப்பா காலத்து மாடுகள், வேலி அடைத்த மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் மேய்ந்து, வேல மரத்தடியில் படுத்து அசைபோடும், இந்தத் தொல்லையே இல்லை. பழம்பெருமை என்பீர்கள். சரி, அவை மூன்று லிட்டர்தான் கறந்தன, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. தண்ணீர் கலந்தால் எஸ்.என்.எஃப்-பும், அதாவது கொழுப்பு நீங்கலான மற்ற திடச்சத்தும், சேர்ந்து இறங்கும். என் சீட்டில் அது 8.5-லேயே நின்றது. சீட்டை நீட்டினால் "அதெல்லாம் மெஷின் சொல்றதுங்க" என்றார் பால் அளக்கிறவர். பத்து நாளைக்கு ஒருமுறை என்று சொன்ன பணம் ஒரு மாதம் கழித்து வருகிறதே, அதை எந்த மெஷின் சொல்கிறது? கொழுப்பு ஏறிய அன்று அவர் வாயே திறக்கவில்லை. கிணறு வற்றிவிட்டதா என்று நானாவது கேட்டிருக்கலாம்.