போட்ட கையெழுத்தை மீறலாமா? பிரெக்சிட் கேள்வி பதில்

2020 செப்டம்பரில் பிரிட்டனின் போரிஸ் ஜான்சன் அரசு ‘உள்நாட்டுச் சந்தை மசோதா’ ஒன்றைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறியதற்கு, அதாவது பிரெக்சிட்டுக்கு, ஒன்றியத்தோடு அதே ஆண்டு ஜனவரியில் கையெழுத்திட்ட விலகல் ஒப்பந்தத்தின் சில பகுதிகளைத் தள்ளிவைக்கும் அதிகாரத்தை அது அமைச்சர்களுக்குக் கொடுத்தது. அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

சட்டத்தை மீறுவோம் என்று ஒரு அமைச்சரே சொன்னாராமே, உண்மையா சார்?

உண்மைதான். செப்டம்பர் 8, மசோதா வெளிவருவதற்கு முந்தைய நாள். கேட்டவர் எதிர்க்கட்சிக்காரர்கூட இல்லை. ஆளும் கன்சர்வேடிவ் கட்சியின் பாப் நீல், தொழிலால் வழக்கறிஞர். நாம் ஏற்றுக்கொண்ட சர்வதேசச் சட்டக் கடமை எதையும் இந்த மசோதா மீறாது என்று உறுதி தர முடியுமா என்று கேட்டார். வட அயர்லாந்து அமைச்சர் பிராண்டன் லூயிஸ் எழுந்து, ‘ஆமாம், குறிப்பிட்ட, வரம்புக்குட்பட்ட ஒரு வகையில் இது சர்வதேசச் சட்டத்தை மீறுகிறது’ என்று பதில் சொன்னார்.

ஒப்பந்தத்தை மீறும் அரசுகள் பொதுவாக, ‘நாங்கள் மீறவில்லை, நீங்கள்தான் தவறாகப் படிக்கிறீர்கள்’ என்றுதான் வாதாடும். அந்த வாதத்திலாவது சட்டத்துக்கு ஒரு மரியாதை மிச்சம் இருக்கிறது. இங்கே அதுவும் போய்விட்டது. அரசுச் சட்டத்துறையின் தலைமை அதிகாரி ஜொனதன் ஜோன்ஸ் அன்றே பதவி விலகினார். ஒரு வாரம் கழித்து, ஸ்காட்லாந்து விவகாரங்களில் அரசின் சட்ட ஆலோசகராக இருந்த கீன் பிரபுவும் விலகினார்.

அப்படி எதைத்தான் மீறப் பார்த்தார்கள்?

விலகல் ஒப்பந்தத்தின் ஒரு பகுதியான வட அயர்லாந்து நெறிமுறையை. பிரிட்டனின் கீழ் இருக்கும் வட அயர்லாந்துக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையே, அயர்லாந்துத் தீவில் சுமார் 500 கிலோமீட்டர் எல்லை ஓடுகிறது. வட அயர்லாந்து பிரிட்டனோடு இருக்க வேண்டுமா, அயர்லாந்தோடு சேர வேண்டுமா என்ற முப்பது ஆண்டு மோதலில் 3,500 பேருக்கு மேல் இறந்தார்கள். 1998இல் புனித வெள்ளி ஒப்பந்தம் வந்த பிறகுதான் அமைதி திரும்பியது. பிரெக்சிட்டுக்குப் பின் அந்த எல்லையில் சுங்கச்சாவடி முளைத்தால் பழைய பகை திரும்பும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அதனால் சோதனையை ஐரிஷ் கடலுக்கு நகர்த்தினார்கள். இங்கிலாந்திலிருந்து வட அயர்லாந்துத் தலைநகர் பெல்ஃபாஸ்ட் போகும் சரக்குக்கு ஆவணம், உணவுப் பொருளுக்குச் சுகாதாரச் சான்றிதழ் என்று ஆனது. 2019 அக்டோபரில் இதைப் பேசி முடித்தவரே ஜான்சன்தான். அதைச் சாதனை என்று சொல்லித்தான் அந்த டிசம்பர் தேர்தலிலும் ஜெயித்தார்.

மசோதா கைவைத்தது இரண்டு இடத்தில்: வட அயர்லாந்திலிருந்து பிரிட்டனுக்கு வரும் சரக்குக்கான ஆவணங்கள், அப்புறம் நிறுவனங்களுக்கு அரசு தரும் மானியம் பற்றிய விதிகள்.

பிரிட்டனில் நாடாளுமன்றம்தான் உச்சம். அது நினைத்தால் எந்தச் சட்டமும் போடலாமே ஐயா?

போடலாம். பிரிட்டன் நீதிமன்றங்களும் அதை ஏற்கும். ஆனால் அடுத்த நாட்டுக்குக் கொடுத்த வாக்கு அதனால் ரத்தாகாது. ஒப்பந்தத்தை நிறைவேற்றாததற்கு உள்நாட்டுச் சட்டத்தைக் காரணமாகச் சொல்லக் கூடாது என்று 1969 வியன்னா உடன்படிக்கையின் 27ஆவது பிரிவு நேரடியாகவே சொல்கிறது. அரசு அன்று இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியது.

ஐரோப்பிய ஒன்றியம் மட்டும் யோக்கியமா? வட அயர்லாந்துக்குப் போகும் உணவையே தடுப்போம் என்று மிரட்டியதாக ஜான்சன் சொன்னாரே!

சொன்னார், ஒன்றியம் மறுத்தது. அவர் சொன்னது முழு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு மருந்து ஒப்பந்தத்துக்குள்ளேயே இருந்தது. இரு தரப்பும் உட்காரும் கூட்டுக்குழு இருக்கிறது, நடுவர் மன்றம் இருக்கிறது, கடும் பாதிப்பு வந்தால் தற்காலிகமாக விலகி நிற்க நெறிமுறையின் 16ஆவது பிரிவு இருக்கிறது. இவற்றில் எதையும் முயலாமல் நேராக மீறலுக்குப் போனதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஒன்றியமும் தவறியது. 2021 ஜனவரி 29 அன்று, தடுப்பூசி ஏற்றுமதிச் சண்டையில் அதே 16ஆவது பிரிவைக் கையில் எடுப்பதாக அறிவித்து, சில மணி நேரத்தில் பின்வாங்கியது. தன் உறுப்பு நாடான அயர்லாந்துக் குடியரசின் அரசைக்கூடக் கலந்து பேசவில்லை. அதுவும் கண்டிக்க வேண்டியதுதான்.

எதிர்த்தது லேபர் கட்சியும் பிரெக்சிட் பிடிக்காதவர்களும்தானே?

இல்லவே இல்லை. அன்று உயிரோடிருந்த முன்னாள் பிரதமர்கள் ஐந்து பேரும் கவலை தெரிவித்தார்கள். பிரெக்சிட்டை ஆதரித்த, கன்சர்வேடிவ் கட்சியின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஹோவர்ட், நாமே இப்படி நடந்தால் ரஷ்யாவையும் சீனாவையும் ஈரானையும் எந்த முகத்தோடு கண்டிப்பது என்று கேட்டார். அந்த நேரத்தில் ஹாங்காங் விஷயத்தில் தன்னோடு போட்ட 1984 கூட்டறிக்கையைச் சீனா மீறுவதாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் பிரிட்டன்தான். நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் மசோதா 340க்கு 263 என்று முதல் தடையைத் தாண்டியது. மேலவையான பிரபுக்கள் சபையோ நவம்பர் 9 அன்று சர்ச்சைக்குரிய பிரிவுகளை 433க்கு 165 என்று வெட்டி எறிந்தது.

எனக்கு இது பேரம் பேசும் தந்திரமாகத்தான் படுகிறது. பலனும் கிடைத்ததே அண்ணா?

நான் அப்படிப் பார்க்கவில்லை. அக்டோபர் 1 அன்று ஒன்றியம் சட்ட நடவடிக்கை தொடங்கியது. அமெரிக்க அதிபர் வேட்பாளராக இருந்த ஜோ பைடன், புனித வெள்ளி ஒப்பந்தத்தை மதித்தால்தான் வர்த்தக ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டார். டிசம்பர் 8 அன்று பிரிட்டன் அமைச்சர் மைக்கேல் கோவும் ஒன்றியத்தின் சார்பில் மாரோஷ் செஃப்கோவிச்சும் பேசி முடித்தது அதே கூட்டுக்குழுவில்தான். பிரிவுகள் கைவிடப்பட்டன. இதைச் செப்டம்பரிலேயே செய்திருக்கலாம்.

பிரிட்டனோடு இருக்கவே விரும்பும் வட அயர்லாந்து யூனியனிஸ்ட்களின் மனக்குறை பொய்யா?

பொய்யில்லை. சொந்த நாட்டுக்குள் சரக்கு அனுப்பச் சான்றிதழ் கேட்டால் யாருக்கும் வலிக்கும். குளிரூட்டிய சாசேஜ்கூடத் தடைப்படும் நிலை வந்தது. 2022இல் அன்றைய வெளியுறவு அமைச்சர் லிஸ் ட்ரஸ் இன்னொரு மீறல் மசோதாவைக் கொண்டுவந்தார்; அதுவும் இந்தக் குறையைத் தீர்க்கவில்லை. தீர்வின் பெரும்பகுதி 2023 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் ரிஷி சுனக் ஒன்றியத்தோடு பேசி முடித்த விண்ட்சர் ஒப்பந்தத்தில் வந்தது: வட அயர்லாந்திலேயே விற்கும் சரக்குக்குக் கெடுபிடி குறைந்த பச்சைத் தடம், அயர்லாந்துக் குடியரசுக்குப் போகக்கூடியதற்குச் சிவப்புத் தடம். சாசேஜும் பழையபடி போனது. ட்ரஸ் மசோதாவைச் சுனக் கைவிட்டார். விண்ட்சர் மீதான ஓட்டெடுப்பில் காமன்ஸ் சபை 515க்கு 29 என்று ஆதரித்தது. எதிர்த்த 29 பேரில் ஜான்சனும் ட்ரஸ்ஸும் இருந்தார்கள்.