கடனை மாற்றினால் அபராதமா?

கேள்வி: என் வீட்டுக்கடனை வட்டி குறைவான வேறு வங்கிக்குப் போன மாதம் மாற்றினேன். பழைய வங்கி, 'முன்முடிப்புக் கட்டணம்' என்று 19 லட்சத்துக்கு 2 சதவீதம், அதாவது 38,000 ரூபாய் பிடித்துவிட்டது. திரும்பக் கேட்கலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகக் கேளுங்கள். முதலில் கடன் அனுமதிக் கடிதத்தை எடுத்து, மாறும் வட்டியா, நிலையான வட்டியா என்று பாருங்கள். மாறும் வட்டி என்றால் வங்கி இதை வாங்கவே கூடாது. 2012 ஜூன் 5 அன்றே ரிசர்வ் வங்கி தடை போட்டுவிட்டது. குறைந்த வட்டிக்குப் போக நினைப்பவரை இந்த அபராதம் கட்டிப்போடுகிறது என்று, வங்கிகளின் வாடிக்கையாளர் சேவையை ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த தாமோதரன் குழு சொன்னதன் விளைவு அது. நிலையான வட்டி என்றால் ஒப்பந்த வாசகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

முப்பது வருடம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் சொல்கிறேன்: வாய்ப்பேச்சு வேண்டாம். "சிஸ்டம் தானாகப் போட்டுவிட்டது சார்" என்பார்கள், நானும் சொல்லியிருக்கிறேன்! கணக்கு அறிக்கை நகலோடு கிளைக்கு எழுதிக் கொடுத்து, முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரி) புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.