வாசகர் கேள்வி – பதில்: ‘96’ படமும் அதன் விமர்சகர்களும்

சி. பிரேம்குமார் இயக்கி, விஜய் சேதுபதியும் திரிஷாவும் நடித்து 2018 ஒக்டோபரில் வெளிவந்த ‘96’ பற்றியே இம்முறை கடிதங்கள் அதிகம். பள்ளிக் காலத்தில் காதலித்துப் பிரிந்த ராமும் (விஜய் சேதுபதி) ஜானுவும் (திரிஷா) தம் 1996ஆம் ஆண்டு வகுப்பின் ஒன்றுகூடலில் மீண்டும் சந்தித்து ஓர் இரவைக் கழிக்கும் கதை அது. ஆகவே இப்பக்கத்தை அப்படத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ‘96’ படத்தை விமர்சகர்கள் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். நாங்கள் வீட்டில் போட்டுப் பார்த்தபோது பாதிப் பேர் இடைவேளைக்கு முன்பே எழும்பிப் போய்விட்டார்கள். பிழை எங்களிடமா, விமர்சகர்களிடமா? (ஒரு வாசகர், வட்டுக்கோட்டை)

பதில்: படம் மெதுவாக நகர்கிறது என்பதை அதைப் பாராட்டியவர்களும் மறைக்கவில்லை. இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும் இப்படத்தில் ஜானு சிங்கப்பூரிலிருந்து வந்து சேரும்வரை கதை என்று பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. புகைப்படக் கலைஞனான ராம் ஊர் ஊராகத் திரிகிறான், தஞ்சாவூரில் தான் படித்த பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்கிறான், பழைய வகுப்புத் தோழர்கள் வாட்ஸ்அப்பில் ஒன்றுகூடுகிறார்கள், அவ்வளவுதான். விமர்சகர்கள் மெச்சியது வேறு விடயங்களை: முதன்மை நடிகர்கள் இருவரையும், அவர்களின் பள்ளிப் பருவத்தை நடித்த ஆதித்யா பாஸ்கரையும் கௌரி கிஷனையும், கோவிந்த் வசந்தாவின் இசையையும், ஒளிப்பதிவாளராக இருந்து முதன்முதலாக இயக்கவந்த ஒருவரின் நிதானத்தையும். என் கணிப்பில், ஒன்றுகூடல் மண்டபத்து நகைச்சுவையில் கால்மணி நேரத்தைத் தாராளமாக வெட்டியிருக்கலாம். அதன் பிறகு வரும் மெதுவில் கைவைத்தால் படமே இல்லை. விடிந்தால் விமானம் ஏறவேண்டிய ஒருத்தியும் அவளை வழியனுப்ப வேண்டிய ஒருவனும் விடியலைத் தள்ளிப்போடப் பார்க்கும் கதை அது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். வெளியாகி ஒரு மாதம் ஆகும்போதே, அரங்குகளில் ஓடிக்கொண்டிருந்த படத்தைத் தீபாவளிக்குச் சன் தொலைக்காட்சி ஒளிபரப்பியது; அதைத் தள்ளிவைக்கும்படி திரிஷாவே பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். மௌனத்தை நம்பி எடுத்த காட்சிக்கு நடுவே சவர்க்கார விளம்பரம் வந்தால் யார்தான் எழும்பிப் போகமாட்டார்கள்?

கேள்வி: கல்யாணமான ஒரு பெண் பழைய காதலனின் வீட்டில் இரவைக் கழிப்பதை எப்படிக் ‘கண்ணியம்’ என்று புகழ்கிறார்கள்? (ஒரு வாசகி, சாவகச்சேரி)

பதில்: இருவரும் எல்லை மீறுவதில்லை என்பதால் புகழ்ந்தார்கள். எனக்கும் அந்தச் சொல்லில் உடன்பாடில்லை, ஆனால் காரணம் வேறு. படத்தின் உச்சம் என்று நான் நினைக்கும் காட்சியைப் பாருங்கள். ராமிடம் புகைப்படக்கலை பயிலும் மாணவிகள் உணவகத்தில் எதிர்ப்பட்டு, ஜானுவை அவனுடைய மனைவி என்று எண்ணிக் காதல் கதையைக் கேட்கிறார்கள். தன்னைப் பார்க்க அவன் முன்பொருநாள் கல்லூரிவரை வந்ததையும், வந்தவன் யாரென்று அறியாமல் தான் சந்திக்க மறுத்துவிட்டதையும் அவள் சற்று முன்புதான் அறிந்திருக்கிறாள். அந்தக் கதையையே எடுத்து, ஓர் இடத்தை மட்டும் மாற்றி, தான் அவனைச் சந்தித்துவிட்டதாகச் சொல்லி முடிக்கிறாள். பிள்ளைகள் மகிழ்ந்துபோகிறார்கள், ராம் வாயடைத்து இருக்கிறான். ஒரு பொய்யைக்கொண்டு இருபத்திரண்டு ஆண்டு இழப்பைக் காட்டிவிடும் இந்த எழுத்துக்குத்தான் நான் முதல் மதிப்பெண் போடுவேன்.

ஆனால் அவளுடைய பழைய பொருள்களைப் பெட்டியில் பூட்டிவைத்து, மணமுடிக்காமலே இருந்துவிட்ட ராமின் தவத்தைப் படம் விரித்து விரித்துக் காட்டுகிறது. ஜானுவின் கணவன், மகள், அவள் வாழ்ந்த வாழ்க்கை எல்லாம் சில வசனங்களில் முடிந்துவிடுகின்றன. கண்ணியம் என்ற பட்டம் ராமுக்குப் போகிறது, பதில் சொல்லவேண்டிய பொறுப்பு ஜானுவுக்கு வருகிறது. உங்கள் கேள்விகூட அவளைப் பற்றியதாகத்தானே இருக்கிறது, சகோதரி? விமர்சகர்கள் இந்த இடத்தை இன்னும் அழுத்திக் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: இப்படத்தில் தமது பாடல்களைப் பயன்படுத்தியதை இளையராஜா கண்டித்தாராமே? (ஒரு வாசகர், பருத்தித்துறை)

பதில்: பழைய காலத்தைக் காட்டப் பழைய பாடல்களை எடுத்தாள்வது இன்றைய இசையமைப்பாளர்களின் இயலாமை என்ற பொருளில், 2019இல் ஒரு செவ்வியில் கடுமையாகவே பேசினார். பொதுவாக அது நியாயமான கோபம். இந்தப் படத்துக்கு அது பொருந்தாது என்பேன்; பாடகி எஸ். ஜானகியின் பெயரைத் தாங்கிய மாணவி ஜானு, ஜானகி பாடிய இளையராஜாவின் பாடல்களை விட்டால் வகுப்பில் வேறு எதைப் பாடுவாள்?

கேள்வி: அவர்களுடைய 96உம் எங்களுடைய 96உம் ஒன்றா? (1996இல் உயர்தரம் படித்த ஒரு வாசகி, நல்லூர்)

பதில்: இல்லை. போர் யாழ்ப்பாண நகரை நெருங்க, 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி குடாநாட்டின் வலிகாமப் பகுதியே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த ஆண்டு திரும்பிவந்தவர்களின் வகுப்பறைகளில் பலர் இல்லை. சிலர் வன்னிக்கும் சிலர் கொழும்புக்கும் போக, மேலும் சிலர் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்விட்டார்கள். ராமின் குடும்பம் கடன் தொல்லையால் இரவோடிரவாக ஊரைவிட்டுப் போவதை ஒரு பேரிடியாகப் படம் காட்டும்போது, இங்கிருந்து பார்ப்பவருக்கு ‘இதற்கா?’ என்று தோன்றினால் அதைக் குற்றம் சொல்ல முடியாது.

மின்சாரம் நின்றுபோன இருட்டில், ராம் பள்ளிக்காலம் முதல் கேட்டும் தான் பாடாதிருந்த ‘தளபதி’ படப் பாடல் ‘யமுனை ஆற்றிலே’யை ஜானு பாடும் காட்சியும் அப்படித்தான். 1991இல் ‘தளபதி’ வந்தபோது குடாநாட்டில் மின்சாரமே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசெற் கேட்ட தலைமுறை நம்முடையது. கை சோர்ந்தால் பாடகியின் குரலும் தடித்து இழுபடும். தமிழ்நாட்டு ரசிகருக்கு அந்த இருட்டு ஒரு கவிதை. உங்களுக்கு அது முதலில் ஞாபகமாகத்தான் வந்திருக்கும். படத்தின் மதிப்பை இது குறைக்கவில்லை. இங்கே எழுதப்படும் விமர்சனம் சென்னை விமர்சனத்தின் எதிரொலியாக இருக்கத் தேவையில்லை என்பதை மட்டும் காட்டுகிறது.

கேள்வி: தெலுங்கில் எடுத்தார்களே, எப்படி? (ஒரு வாசகர், மானிப்பாய்)

பதில்: ‘ஜானு’ என்ற பெயரில் 2020இல் பிரேம்குமாரே எடுத்தார், சர்வானந்தும் சமந்தாவும் நடித்தார்கள். எடுபடவில்லை.

கேள்வி: எங்கள் மண்ணில் எடுத்த காதல் படம் எதையாவது விமர்சகர்கள் இப்படிப் பேசியிருக்கிறார்களா? (ஒரு வாசகர், உரும்பிராய்)

பதில்: ‘பொன்மணி’யைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ, காவலூர் இராஜதுரையின் எழுத்தைக் கொண்டு 1970களில் இங்கேயே எடுத்த படம் அது. ராமும் ஜானுவும் என்ன சாதி என்று ‘96’ ஓரிடத்திலும் கேட்பதில்லை. ‘பொன்மணி’யில் சாதியும் சீதனமும்தான் காதலை வழிமறிக்கின்றன. ‘96’க்கு விமர்சகர்களின் பாராட்டும் அரங்குகளில் கூட்டமும் ஒரே வாரத்தில் கிடைத்தன. ‘பொன்மணி’யோ வந்த காலத்தில் அரங்குகளில் நிலைக்கவில்லை, இலங்கைத் தமிழ்ப் படங்களைப் பற்றிப் பின்னர் எழுதியவர்கள்தான் அதற்கு முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள்.